எட்டுக்கு எட்டு

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு வாய் உண்டு. வலியைச் சொல்லும் வழியை மறதி நோய் தின்றுவிட்டது. நர்ஸ்தான் பார்த்து எழுத வேண்டும். முகம், குரல், கை, கால். தலா இரண்டு மதிப்பெண். முகம் சுருங்காமல், அழாமல், கையைப் பிசையாமல், அலையாமல் இருந்தால் முழு எட்டு. இருபது வருடமாக என் தாளில் யாரும் குறை கண்டதில்லை.

ஏழாம் அறையில் டீச்சரம்மா. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வருவாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் போனதும் டீச்சரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு எங்க?" என்று புதன்கிழமை வரை அழுவார். எட்டுக்கு இரண்டு. எனக்கு வயிறு எரியும். மகள் ஒரு மணி நேரம் கொஞ்சிவிட்டுப் போவாளாம், மூன்று நாள் நான் கண்ணீர் துடைக்க வேண்டுமாம்.

மகளிடம் சொன்னேன்: "உங்களப் பார்த்தா பயப்படுறாங்கம்மா. கொஞ்ச நாள் வராதீங்க."

"பெத்த பொண்ணப் பார்த்தா பயமா, சிஸ்டர்?"

"வியாதி அப்படிம்மா."

நம்பிவிட்டாள், பாவம். போன் செய்தபோதெல்லாம், "தூங்குறாங்க" என்றேன்.

முதல் மாதம் டீச்சரம்மா கதவருகே நின்றார். அடுத்த மாதம் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். மதிப்பெண் ஆறு, ஏழு என்று ஏறியது. சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்பியது உண்மைதான். ஆனால் சாப்பாடு என் தாளில் வராது, அது சமையல்காரரின் தாள்.

கடைசி நாள் காலையில் வாசலில் நின்றே பார்த்தேன். முகத்தில் சுருக்கமில்லை, சத்தமில்லை, கையும் காலும் அடங்கியிருந்தன. எட்டு போட்டுவிட்டுத்தான் போர்வையைச் சரிசெய்யப் போனேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

மகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "கடைசில என்னத் தேடினாங்களா, சிஸ்டர்?"

"இல்லம்மா."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காலி அறைக்குள்ளிருந்து யாரோ கைப்பிடியைத் திருப்புகிறார்கள். மற்ற நர்ஸ்களுக்குக் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

மகளை வரவிடாமல் செய்தது நான். அவரைப் பட்டினியில் சாகவிட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த எட்டை மட்டும் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், ஐயா. அன்று அவர் நன்றாகத்தான் இருந்தார்.