நான்கு விரல் நீளம்

எனக்குத் தோள் குறுகல். எங்கள் தையற்காரர் என் கோட்டில் எப்போதும் தோளுக்குக் கொஞ்சம் பஞ்சு வைத்துத்தான் தைப்பார். அதைப் பற்றி நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

நீங்கள் கேட்பது பள்ளி ஆசிரியர் மயோர்காவைச் சுட்டுக் கொன்றது பற்றி. பதில் சொல்கிறேன், ஐயா. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதிபர் போடும் பட்டையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

லராவே குடும்பத்தில் நான் நான்காவது அதிபர். தாத்தா, அப்பா, சித்தப்பா, பிறகு நான். இந்த நாட்டில் பழமைவாதக் கட்சி என்றால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். புது அதிபர் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போடும் பட்டுப் பட்டையை வீட்டுப் பெண்களே தைக்கவேண்டும் என்பது தாத்தா காலத்து வழக்கம். என் முறைக்கு அம்மா தைத்தார். நீலமும் வெள்ளையும், நடுவே பொன் நூல் வேலை. ஏழு வாரம் ஆயிற்று.

எங்கள் வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு தவறு அதில் நடந்தது. கட்சிப் பெரியவர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அம்மா அளவு எடுத்துவிட்டார். என் தம்பி ஃபெர்மினின் அளவு. அவன் தளபதி, அகன்ற மார்பு, ஏரிக்கரைச் சந்தையில் மீன் விற்கிறவள்கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆனால் பெரியவர்களுக்கு அவனிடம் பயம் இருந்தது. என்னிடம் யாருக்கும் பயமில்லை. அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பட்டை எனக்கு நான்கு விரல் நீளம் அதிகமாக இருந்தது. பதவியேற்கும் நாள் காலையில் கண்ணாடி முன் நின்று, கொஞ்சம் வெட்டித் தைத்துத் தரச் சொன்னேன்.

"ஊசி குத்திக்கோப்பா," என்றார் அம்மா. "நாலு வருஷம்தானே. அப்புறம் உன் தம்பிக்கு வேணும்."

குத்திக்கொண்டேன். தம்பி கதவருகே நின்று சிரித்தான். "அண்ணே, இந்தப் பட்டைக்குள்ள நீ எங்க இருக்கே?" அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவன் எல்லோரையும் அப்படித்தான் கேலி செய்வான். மதியத்துக்குள் நகரம் முழுக்க எனக்கு 'ஊசி அதிபர்' என்று பேராகிவிட்டது.

நான் மோசமான அதிபர் இல்லை. மலைவரைக்கும் தந்திக் கம்பி இழுத்தேன். துறைமுகத்தைத் தூர் வாரினேன். ஒவ்வொரு விழாவிலும் இடுப்பில் ஊசி குத்தியது. ஒவ்வொரு முறையும் அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று நினைவு வந்தது. வயிறு எரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி வருடத்தில்தான் வடக்கே, ஹோண்டுராஸ் எல்லைப் பக்கம், உங்கள் ஆட்கள் கலகம் செய்யக் கிளம்பினார்கள். தம்பி படையோடு போனான். காலில் குண்டு பட்டுப் பிடிபட்டான். அவனைக் கரும்பாலை ஒன்றில் வைத்திருந்தார்கள். எங்கள் சிறையில் உங்கள் பக்கத்து மயோர்கா இருந்தார். சனிக்கிழமை விடிகாலையில் அவரைச் சுடுவதாக இருந்தது. அவரை உயிரோடு அனுப்பினால் தளபதியை உயிரோடு தருவோம், கொன்றால் கொல்வோம் என்று உங்கள் ஆட்களிடமிருந்து தந்தி வந்தது. நியாயமான பேரம்தான்.

வியாழக்கிழமை மனுக் கொடுப்பவர்களின் நாள். அன்று காலை அம்மா வந்தார். வீட்டில் மூன்று அதிபர்களுக்குப் பரிமாறியவர். எவரிடமும் எதுவும் கேட்டதில்லை என்பது அவருடைய பெருமை. விதவைகளோடும் கூலிக்காரர்களோடும் அதே பெஞ்சில் வரிசையில் காத்திருந்து உள்ளே வந்தார்.

அந்த ஆசிரியரை அனுப்பிவிடச் சொன்னார். நான் ஒரு கேள்வி கேட்டேன். ஆலையில் கிடப்பது நானாகவும் இந்த நாற்காலியில் அவனாகவும் இருந்தால், அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பீர்களா என்றேன்.

அம்மா பொய் சொல்லத் தெரியாதவர்.

"அவன் என்னை இங்க வந்து உக்கார வச்சிருக்க மாட்டான்," என்றார்.

சரிம்மா, அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போகும்போது என் கன்னத்தைத் தொட்டார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் எப்போது தொட்டார் என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

பிறகு கர்னலைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே முடித்துவிடுங்கள் என்றேன். மூன்று மணிக்கு முடிந்தது. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஐந்து மணிக்கு ஆலைக்கு ஒரு தந்தி அனுப்பினேன். 'மயோர்கா சுடப்பட்டார். பேரத்துக்கு இடமில்லை.' அதை அனுப்பவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அனுப்பாமல் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரியவரவே ஒரு வாரம் ஆகியிருக்கும்; அதற்குள் எங்கள் படை ஆலையைப் பிடித்திருக்கும். எழுத்தரிடம் தராமல் நானே என் கையால் எழுதினேன்.

மறுநாள் தம்பியைச் சுட்டுவிட்டார்கள். சொந்த ரத்தத்தையும் பார்க்காத அதிபர் என்று பத்திரிகைகள் எழுதின. ஆயர் தம் பிரசங்கத்தில் என்னைப் புகழ்ந்தார். அந்த ஒரு வாரம் யாரும் என்னை ஊசி அதிபர் என்று சொல்லவில்லை.

உடல் மாட்டு வண்டியில் வந்தது. அம்மா என் அறைக்கு வந்து, என்னைப் பார்க்காமல், அலமாரியைத் திறந்து பட்டையை எடுத்தார். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். சவப்பெட்டியில் தம்பிக்குப் பட்டையைப் போட்டுவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு கச்சிதமாக இருந்தது. மிச்சமிருந்த ஐந்து மாதமும், நீங்கள் தலைநகரைப் பிடிக்கும்வரை, நான் பட்டை இல்லாமல்தான் ஆண்டேன். துக்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் தம்பிப் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அளவு தவறாகிவிட்டது, அவ்வளவுதான். என்னைச் சுடுவதற்கு முன் ஒரு விண்ணப்பம். அந்தப் பட்டை அரசாங்கச் சொத்து. இப்போது அரசாங்கம் நீங்கள். குழியைத் தோண்டி அதை எடுத்து, அம்மாவிடம் கொடுங்கள். நான்கு விரல் வெட்டித் தைத்துத் தரச் சொல்லுங்கள். இந்த முறை மாட்டேன் என்று சொல்லமாட்டார். அவருக்கு இருக்கும் பிள்ளை இனி நான் ஒருவன்தானே.