லெமன் பாம் சீதனம்

இல்லைத் தங்கச்சி, நீரே சொல்லும், இதிலை என்ரை பிழை என்ன? மூண்டு கிழமையாப் பக்கத்து வீட்டு அன்னபூரணம் என்னோடை கதைக்கிறேல்லை! வேலிக்கு மேலாலை என்ரை தலை தெரிஞ்சாக் காணும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போறாள்... கொஞ்சம் தள்ளி இரும், சாடியிலை செடி நசியப்போகுது. இது என்னவோ? லெமன் பாம் எண்டு ஒரு செடி. மகள் துஷாந்தி கனடாவிலையிருந்து விதை அனுப்பினவள். தேசிக்காய் மணம். கடல் அலைக்கு லோஞ்ச் ஆடுறது உமக்கு ஒத்துவரேல்லைப் போலை... இந்தாரும், ரெண்டு இலை. கசக்கி மணந்து பாரும், சத்தி நிண்டிடும்.

எங்கை விட்டனான்? ஆ, அன்னபூரணம். அவளின்ரை மகள் பிரியதர்சினியைப் பாக்க வேலணையிலையிருந்து மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் வந்தவை. "இலட்சுமிப்பிள்ளை அக்கா, உங்கடை வாசத் தேத்தண்ணியை ஊத்தித் தாங்கோ" எண்டு அவள்தான் கேட்டவள். கோப்பைக்கு ரெண்டு இலை, கூடினா நித்திரை வரும் எண்டு துஷாந்தி சொன்னவள்தான். ரெண்டு இலையோ! சம்பந்தம் பேச வந்த சனத்துக்கு ரெண்டு இலையோ போடுறது? எங்கடை நயினாதீவார் பிசினாறியள் எண்டு வேலணை முழுக்கக் கதைக்காதே? பாத்தி முழுக்க வேரோடை பிடுங்கி அண்டாவிலை அவிச்சனான்.

பிறகென்ன... சீதனக் கதை நடுவிலை மாப்பிள்ளை குறட்டை! மாமன்காரன் கதிரையோடை சரிஞ்சிட்டார். கடைசி லோஞ்சும் போயிட்டுது. பதினொரு பேரும் விறாந்தையிலை வரிசையா! அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு படபடக்குது... நான் ஒரு இலை வாயிலை போடுறன், நீரும் ஒண்டு போடும்.

விடிய எழும்பி மாப்பிள்ளையின்ரை தாய் என்ன சொன்னவ தெரியுமே? "பத்து வரியமா நான் இப்பிடி நித்திரை கொள்ளேல்லை. சீதனம் ஒண்டும் வேண்டாம், இந்தச் செடியிலை ஒண்டு, இலையோடை, எங்கடை வீட்டை வரட்டும், கலியாணத்துக்கு நாள் வைப்பம்" எண்டு. அன்னபூரணம் சந்தோசத்திலை ஓடிவந்து பாக்கிறாள்... என்ரை பாத்தி மொட்டை! அண்டைக்கு என்னோடை நிப்பாட்டின கதைதான். அவளுக்குத்தானே எல்லாத்தையும் அவிச்சுக் குடுத்தனான்? நன்றி கெட்டவள்!

நல்ல காலம், ஒரு வேர் தப்பிட்டுது. கிணத்து உப்புத்தண்ணி அதுக்கு ஆகாது. நான் குடிக்கிற தண்ணியை ஊத்தி வளத்தனான். ஆறே ஆறு இலை விட்டது! இண்டைக்கு வேலணைக்குக் கொண்டுபோய் இதைக் குடுத்தா அந்தப் பிள்ளையின்ரை கலியாணம் ஒப்பேறும், அன்னபூரணமும் கதைப்பாள். மாப்பிள்ளையின்ரை தாய் என்ன சொல்லுமோ, தங்கச்சி... இன்னும் ஒண்டு போடுவம். இந்தாரும், உமக்கும்.

குறிகாட்டுவான் இறங்குதுறை வந்திட்டுது. சாடியை ஒருக்காப் பிடியும், நான் எழும்ப...

ஐயோ கோதாரி! எங்கை இலை? வெறும் தண்டெல்லோ நிக்குது!

தங்கச்சி! எங்கை ஓடுறீர்? நில்லும்! வேலணைக்கு வந்து அந்த மனிசிக்குச் சாட்சி சொல்லிப்போட்டுப் போம்... ஒண்டும் கதைக்க வேண்டாம், வாயை ஊதிக் காட்டினாக் காணும்!