தட்டினால் விட்டுவிட வேண்டும்

அமெரிக்காவில் பதிவான வீடியோ கேசட் நம் ஊர் டெக்கில் சரியாக ஓடாது. படம் நிறமில்லாமல் மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருக்கும். எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுகிற டெக் என்று தனியாக ஒன்று உண்டு. பர்மா பஜாரில் மூன்று நாள் அலைந்து அதை வாங்கினேன். நேற்று என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்து வந்தது அதுதான், ஐயா. ஈரம் படாமல் வைத்திருந்தால் நல்லது.

என் பெயர் உங்களுக்குத் தெரியும். அகஸ்டின். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளன். பத்தொன்பது வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் என் மனைவி ஐவியும் இருந்தோம். குழந்தை இல்லை.

தொண்ணூற்று நாலு ஜனவரியில் ஐவியின் தம்பி ஷெல்டன் நியூ ஜெர்சியிலிருந்து முதல் கேசட்டை அனுப்பினான். ‘மச்சான், உங்களுக்குப் பாக்ஸிங் பிடிக்குமே, இதைப் பாருங்க’ என்று ஒரு சீட்டு. எட்டுப் பக்கம் கம்பிவேலி போட்ட கூண்டு. உள்ளே இரண்டு பேர். ஒருவன் குத்துச்சண்டைக்காரன் என்றால் இன்னொருவன் மல்லன், இல்லை கராத்தேக்காரன். நடிப்பு கிடையாது. எல்லோரையும் ஜெயித்தவர் அங்கிருந்தவர்களிலேயே ஒல்லியான ஓர் ஆள். அவர் அதிகம் அடிக்கவில்லை. நெருங்கிப்போய்க் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டால் விடவில்லை. பிடியில் இருப்பவன் கையால் இரண்டு மூன்று முறை தட்டுவான். தோற்றேன், விடு என்று அர்த்தம். தட்டினால் விட்டுவிட வேண்டும். அதைப் பார்த்து நான் அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதை யாரிடமாவது பேச வேண்டும் என்று இருந்தது. கல்லூரியில் சொன்னேன். “அதெல்லாம் நடிப்பு சார், என் பையன்கூட அந்த ரெஸ்லிங் கார்டு வெச்சு ஆடிக்கினு கீறான்” என்று சிரித்தார்கள். தி. நகரில் ஒரு கராத்தே வகுப்புக்குக் கேசட்டையே எடுத்துப்போனேன். மாஸ்டர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கராத்தேக்காரன் தோக்கறதை என் பசங்களுக்கு நானே காட்டணுமா, நைனா?” என்றார். அவர் பேரிலும் தப்பில்லை.

ஐவி ஐந்து நிமிடம் பார்ப்பாள், விரலிடுக்கு வழியாக. பிறகு சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்தே கேட்பாள்: “ஏங்க, யாரு ஜெயிச்சாங்க?” நான் போய் எல்லாவற்றையும் சொல்வேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்று ஐந்து ஜூனில் ஐவி இறந்தாள். புற்றுநோய். நாலு மாதம் அடையாறு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அடக்கம் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை மதியம், எங்கள் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீனிவாசராகவன் காராசேவுப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தான். பதினைந்து வருடப் பழக்கம். வடக்கு மாட வீதியில் அக்கா விசாலாக்ஷியோடு இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விடுகிறவன்.

“ஏதோ சண்டை கேசட் வெச்சிண்டிருக்கியாமே. போடேன், பார்ப்போம்” என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஒரு சனிக்கிழமை தவறவில்லை. மழையில் கச்சேரி ரோடு முழங்கால் ஆழம் நின்றபோதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். நான் ஒவ்வொரு பிடியையும் நிறுத்தி நிறுத்தி விளக்குவேன். “இவன் எந்த ஊர்க்காரன்?” என்பான். “விட்டுட்டானா?” என்பான். சென்னையில் இந்த ஆட்டத்துக்கு இரண்டு ரசிகர்கள் இருந்தோம், ஐயா. வெள்ளிக்கிழமை இரவே நான் வீட்டைப் பெருக்கி வைப்பேன். அவனுக்கென்று ஒரு நாற்காலி வாங்கினேன். அந்த இரண்டு வருடமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை புதுக் கேசட் வந்திருந்தது. ஒருவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ராகவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அகஸ்டின், கோச்சுக்காதே. இனிமே இது வேண்டாம்.”

“ஏன்டா, போர் அடிக்குதா?”

“எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே முடியலை. ரத்தத்தைப் பார்த்தா ரெண்டு நாள் சாதம் இறங்க மாட்டேங்கறது. நான் பாதி நேரம் பார்க்கறதே இல்லை.”

“அப்ப எதுக்குடா வந்தே?”

அவன் காராசேவுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு சொன்னான். “ஐவி கேட்டுண்டா. ஆஸ்பத்திரியில. அவருக்கு இதைப் பார்த்துட்டு யார்கிட்டயாவது சொல்லியாகணும், சனிக்கிழமை மட்டும் நீங்க போய் உக்காருங்கோன்னா.”

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவன் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. “சனிக்கிழமை சனிக்கிழமை வந்துண்டுதான் இருப்பேன். பீச்சுக்குப் போலாம். எங்காத்துக்கு வா, அக்கா உனக்கு அடை பண்ணித் தரேங்கறா. இந்தப் பெட்டியை மட்டும் மூடி வெச்சுடு” என்றான். என் தோளில் கைவைத்துத்தான் சொன்னான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இரண்டு வருடச் சனிக்கிழமைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நாற்காலியில் அவன் இருந்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். சுமார் நூறு சனிக்கிழமைகள்.

“சரி, மூடிடறேன். ஒரே ஒரு பிடி மட்டும் காட்டறேன், அதோட முடிஞ்சுது” என்றேன்.

அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. முகத்தில் தெரிந்தது. “காட்டு. மெதுவா” என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக டிவி மேல் வைத்தான். எனக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தான்.

நேற்று உங்களிடம் நான் எழுதிக் கொடுத்தது: விளையாட்டாகப் பிடித்தேன், அவன் தட்டவே இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. நீங்களும் நம்பி வீட்டுக்கு அனுப்பினீர்கள். இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் விசாலாக்ஷி அக்காவைப் பார்த்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் கடைசியா உங்கிட்ட ஏதாவது சொன்னானாப்பா?” என்று கேட்டார்கள். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

அவன் தட்டினான். முதலில் இரண்டு தடவை, சிரித்துக்கொண்டே, மெதுவாக. பிறகு வேகமாக, என் முழங்கையில், பாயில், மறுபடி என் முழங்கையில். கழுத்தைப் பின்னாலிருந்து நெரிக்கும் அந்தப் பிடியில் எத்தனை விநாடியில் மயக்கம் வரும், உடனே விட்டால் எப்படித் தெளியும், விடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கே நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். திரையில் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிய நாலு நிமிடம் இருந்தது. முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று அவன் காதருகே சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவன் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வேண்டுமென்றேதான் செய்தேன். ஸ்ரீனிவாசராகவனைக் கொன்றது நான்தான். நாளை சைதாப்பேட்டை கோர்ட்டிலும் இதையே சொல்வேன். வக்கீல் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தக் கேசட்டை நீங்கள் சாட்சியத்துக்காக எப்படியும் போட்டுப் பார்த்தாக வேண்டும். பார்க்கும்போது என்னையும் கூப்பிடுங்கள். தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், கையில் விலங்கு இருந்தாலும் பரவாயில்லை. சில இடங்கள் சொன்னால்தான் புரியும், ஐயா. ஒருமுறை புரிந்துவிட்டால், உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.