ஓர்ஃபிலியா கடைக்கு எதிரே

பளிங்குப் படியேறி வந்து, பட்டு நாற்காலியில் வீற்றிருந்து, தாம் எழுப்பிய கட்டடத்தின் திறப்பு விழாவுக்குத் தாமே தலைமை தாங்கும் தோன் எவெனோர் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பேட்டைப் பெரியோர்களே! மதிய வெயிலையும் என்னையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மானாகுவா மாநகரத்து மக்களே! முடிதிருத்தும் பௌஸ்தோவின் முதற்கண் வணக்கம். முப்பதாண்டுகளாக உங்கள் தலைகளைக் குனிய வைத்தவன் நான். இன்று ஒருநாள் நிமிர்ந்தே கேளுங்கள்.

இந்த நடுநகரம் கண்ட கோலங்கள்தாம் எத்தனை? மண்ணும் மரமுமாய் மாடிவீடுகள் நின்றன. மாடந்தோறும் மலர்த்தொட்டிகள் தொங்கின. நாம் கூடியிருக்கும் இதே இடத்தில் மலெஸ்பின் மருந்துக்கடை இருந்தது. பூமி நடுங்கிய அந்த டிசம்பரில் எல்லாம் பொடிப்பொடியாயிற்று. பிறகு என்ன வந்தது? புல் வந்தது. புல்லைத் தேடி மாடு வந்தது. இப்போது இந்தக் கட்டடத்துக் கண்ணாடி வந்திருக்கிறது. என் கடையில் இருப்பதைவிடப் பெரிய கண்ணாடி, அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கட்டடம் விழுந்ததே, முகவரி விழுந்ததா? என் கடைக்கு யாராவது வழி கேட்டால் இன்றைக்கும் என்ன சொல்கிறீர்கள்? "மருந்துக்கடை இருந்த இடத்துலேருந்து ஏரிப்பக்கமா ரெண்டு தெரு" என்கிறீர்கள். அந்த மருந்துக்கடையை உங்களில் பாதிப்பேர் பார்த்ததே இல்லை. இந்த வழக்கத்தை மாற்ற நினைத்த நம் தலைவர், வாசலில் பித்தளையில் "மிராசோல் கோபுரம், எண் 14" என்று பொறித்து வைத்தார். நல்ல பித்தளை, குறை சொல்ல மாட்டேன்.

எதிர்மூலையில் தோஞா ஓர்ஃபிலியா அம்மையாரின் கடை. வாழையிலையில் வெந்த மரவள்ளிக்கிழங்கு, அதன்மேல் மொறுமொறுவென்று பன்றித்தோல் வறுவல், அதற்கும் மேலே முட்டைக்கோஸ்... பின்வரிசையில் எச்சில் விழுங்குவது எனக்குத் தெரிகிறது! இடிபாடுகளின் மேல் அவருடைய அம்மா போட்ட கடை அது. அந்த மூலையையும் தலைவர் வாங்கிவிட்டார். நீரூற்று அமைக்க வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள் கடையைக் காலி செய்ய வேண்டுமாம். அந்தம்மாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. இது எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்க மாட்டேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தலைவருக்கு நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். அவருடைய துணைவியார் தோஞா சைரா, இதோ முன்வரிசையில் விசிறிக்கொண்டிருக்கிறாரே, அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். தலைவர் நுரை முகத்தோடு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். மிராசோல் கோபுரம் என்றார், பதினாலாம் எண் என்றார். "நம்பரை வச்சு யாரு சார் இடம் தேடுறாங்க? பக்கத்துல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க" என்றது மறுமுனை. கடையைத் தூக்கச் சொன்ன வாயாயிற்றே, கடையின் பேரை எப்படிச் சொல்லும்? மறுபடியும் பதினாலாம் எண் என்றார்.

லிஃப்டுக்குள்ளிருந்து வந்தது குரல்: "ஏங்க, உங்க கௌரவத்தப் பார்த்தா நான் இங்கயே வெந்துடுவேன். ஓர்ஃபிலியா கடைக்கு எதிரேன்னு சொல்லித் தொலைங்களேன்."

சொன்னார். மறு கன்னத்தை நான் மழித்து முடிப்பதற்குள் வண்டி வாசலில் வந்து நின்றது.

பெரியோர்களே! தாய்மார்களே! அந்தக் கடையை எடுத்துவிட்டால் நாம் வழி மறந்துவிடுவோமா? மாட்டோம். "ஓர்ஃபிலியா கடை இருந்த இடத்துக்கு எதிரே" என்போம். நம் பிள்ளைகள் சொல்வார்கள், அவர்களின் பிள்ளைகளும் சொல்வார்கள். மருந்துக்கடை எங்கே போனது என்று கேட்டால் பூகம்பம் கொண்டுபோனது என்கிறோம். ஓர்ஃபிலியா கடை எங்கே போனது என்று கேட்டால், தலைவர் அவர்களே, யார் பெயரைச் சொல்லட்டும்?

பதிலை இந்த மேடையிலேயே கேட்கிறேன். கடை அங்கேயே இருக்கட்டுமா? அவசரமில்லை, யோசியுங்கள். தலைவர் துணைவியாரைப் பார்க்கிறார். துணைவியார் விசிறியை நிறுத்திவிட்டார். தலைவர் என்னைப் பார்க்கிறார்... ஆ, தலையசைத்துவிட்டார்! பார்த்தீர்களா? மனம் மாறுவதற்குள் கைதட்டுங்கள்! எத்தனையோ முறை நான் சீவிவிட்ட தலை இது, இன்றைக்கு அசைந்தபோது இருந்த அழகு என்றைக்கும் இருந்ததில்லை.

தோஞா ஓர்ஃபிலியா, இலைமேல் அழாதீர்கள், உப்புக் கூடிவிடும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், நிறைந்த மனத்தோடு தலையசைத்த தலைவருக்கும், அசைய வைத்த அம்மையாருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். பசிப்பவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை: கடை எதிரேதான் இருக்கிறது. வணக்கம்!