கேத்தியில் ஒரு செவ்வாய்

விருந்தாளிகளை எனக்குப் பிடிக்கும், மேடம். குன்னூரில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவனுக்கு மனிதர்களைப் பிடிக்காமல் எப்படி? அதனால்தான் தங்கை தாரிணியும் அவள் கணவர் வசந்த்குமாரும் தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்து, பொங்கல் தாண்டியும் என் வீட்டிலேயே இருந்தபோது நான் முகம் சுளிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை எதுவும் இல்லை. கவலை மட்டும் இருந்தது. "ஏனுங்க மச்சான், பூமி ரொம்ப நாளைக்குத் தாங்காதுங்க. சூடு ஏறுது, சனம் பெருகுது. செவ்வாய்க்குப் போயிரோணுங்க," என்பார், என் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு. யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. குறிப்பாக, சனம் பெருகுவது.

கேத்தியில் எனக்கு ஒரு பசுமைக்குடில் உண்டு. பூ வளர்த்து நஷ்டமாகி, சும்மா கிடந்தது. சுற்றிலும் இரும்புக் கம்பிவலை அடித்தது. பிளாஸ்டிக் கூரைமேல் சிவப்புத் தார்ப்பாய் கட்டினேன். செவ்வாயில் குடியேறுகிறவர்களுக்கு ஒத்திகை, மாப்பிள்ளை, உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றேன். அழுதேவிட்டார். என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். வெளியே பூட்டினேன். காற்று கசியக் கூடாதல்லவா.

சோறு தினமும் பிளாஸ்டிக்கில் வெட்டிய ஓட்டை வழியாகப் போனது. மாப்பிள்ளை உள்ளேயே கேரட் பயிரிட்டார். ஒருநாள் பிளாஸ்டிக்குக்கு அப்பால் காட்டெருமையின் நிழலைப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்குதுங்க மச்சான், கொம்போட!" என்று போனில் கத்தினார். என் எண்ணுக்கு மட்டும் பேசக்கூடிய பழைய போன் அது. செவ்வாய் தூரம் என்பதால், சாப்பிட்டு எழுந்த பிறகே பதில் சொன்னேன்.

தாரிணிதான் தாங்கவில்லை. "அவரு தனியா இருக்காருங்கண்ணா, நானும் போறேன்." தடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே போன மறுநாளே, "ஒத்திகை போதுங்கண்ணா, கதவத் தொறங்க" என்றாள். செவ்வாயிலிருந்து திரும்பி வரும் வாகனத்தை இன்னும் யாரும் செய்யவில்லை என்றேன். அதில் பொய் இல்லை, நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மழைக்காலம் முடிந்தபோது நிறுத்திவிட்டாள்.

யார் சொன்னார்களோ, நேற்று நீங்கள் வந்து பூட்டை உடைத்ததும் மாப்பிள்ளை வெளியே வர மறுத்தாராம். "நாங்க இப்பத் தனி நாடுங்க, விசா இல்லாம உள்ள வரப்படாதுங்க" என்று உங்களிடமே சொன்னாராம். நான் வந்து சேர்ந்தபோது தாரிணி மட்டும் வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டதும் எழுந்துபோய் உங்கள் போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அது கொஞ்சம் வருத்தம்தான்.

பூட்டியது நான். சாவியும் என்னிடம்தான் இருந்தது. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் அறைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். நானே நின்று கட்டிய அந்த வீட்டில் வெயில் வரும் ஒரே அறை அவர்கள் தங்கியிருந்ததுதான் என்பது, அங்கே என் கட்டிலைப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.