எண்பது பூஜ்யங்கள்

எங்கள் அரியலூரில் மே மாத வெயில் எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் நாற்பது டிகிரி என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொன்பதே முக்கால் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டிமடம் பஸ் பத்து மணிக்கு என்பார்கள். அது பத்தேகாலுக்கு ஆடி அசைந்து வந்து நிற்கும். யாருக்கும் அதில் கோபம் வராது. எனக்கு மட்டும் வரும், மேடம். கல்லூரியில் கணிதம் படித்ததன் கோளாறாக இருக்கலாம்.

நீங்கள் விசாரணைக்கு வந்த அன்றே என் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். எண்பது அளவுகள், எண்பதும் பூஜ்யம். அப்போதே உங்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்குவார்கள். வடக்குப் பக்கத்து மேல் படியில் மார்ச் மாதம் ஒரு வெடிப்பு விட்டது. வெடிப்பின் இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து, நடுவே உள்ள இடைவெளியைத் தினமும் காலையில் அளக்கும் வேலை எனக்கு வந்தது. முந்தைய அளவைவிட எத்தனை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது என்பதை மட்டும் முழு எண்ணாக்கி எழுத வேண்டும். அரைக்குக் கீழே என்றால் பூஜ்யம். அரையும் அதற்கு மேலும் என்றால் ஒன்று. ஒன்று விழுந்தால் கீழே வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். விதி அவ்வளவுதான், அதை எழுதியவன் நான் இல்லை.

முதல் நாள் 0.4 வந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான். பூஜ்யம் என்றால் வெடிப்பு அசையவே இல்லை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். அந்தப் பூஜ்யத்தின் கீழ் எல்லைதான் சுழி. மேல் எல்லை அரை மில்லிமீட்டர். நாற்பது நாள் சேர்ந்தால் மேல் எல்லை இருபது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. என் சொந்த நோட்டில் தசமத்தோடு கூட்டிக்கொண்டே வந்தேன், பதினாறு ஆகியிருந்தது. அந்த நோட்டை இதோ நானே உங்களிடம் கொடுக்கிறேன்.

அந்தப் படிக்குக் கீழே ஒரே ஒரு பொக்லைன்தான் ஓடியது. ஓட்டியவன் உத்திராபதி, என் தங்கை ஜெயசுதாவின் புருஷன். பதினெட்டு வருஷம் குடித்துவிட்டு அவளை அடித்தவன். அவளுக்கு இடது காது கேட்காது. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன், வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பதாம் நாள் காலையில் 0.48 வந்தது. மறுநாள் அரையைத் தாண்டிவிடும், ஒன்று என்று எழுத வேண்டும், வேலை நின்றுவிடும். அதனால் மேனேஜரிடம் போய், இனிக் காலை மாலை இரண்டு வேளையும் அளக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். இவ்வளவு பொறுப்பான ஆள் கிடைப்பது அபூர்வம் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்று மாலையே ஆரம்பித்துவிட்டேன். வெடிப்பு நாளுக்கு முக்கால் மில்லிமீட்டர் வரை விரிந்தது. முக்காலை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே அரைக்குக் கீழே. இருபது நாளில் நாற்பது பூஜ்யம்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசுதா என்னைப் பார்க்க வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அவன் குடியை விட்டுவிட்டானாம்.

"ரெண்டு மாசமா கை நீட்டலண்ணே. நீ அவருகிட்ட ஒரு வார்த்த பேசு."

காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். பதினெட்டு வருஷம் என்பது இருநூற்றுப் பதினாறு மாதம். அதில் கடைசி இரண்டை யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஏழு வருஷத்துக்கு முன் பக்கத்துப் படி சரிந்தபோதும் அளந்தவன் நான்தான். அது முப்பது மில்லிமீட்டரில் விழுந்தது. அன்று கீழே ஆள் இல்லை. அதனால் எந்த எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அறுபதாம் நாள் காலை என் நோட்டில் கூட்டுத்தொகை முப்பதைத் தாண்டியது. பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தரை மணிக்கு ராசாத்தி டீ கேனோடு வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, தினமும் குழிக்குள் இறங்கி டீ ஊற்றிவிட்டுப் போவாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"கீழ ஒருத்தருதான் சார் இருக்காரு, குடுத்துட்டு வந்துடுறேன்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

பத்தே முக்காலுக்குப் படி சரிந்தது. இரண்டு பேரையும் வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

உத்திராபதியைக் கொன்றது நான்தான். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு கொலை என்று நீங்கள் எழுதியிருப்பது தப்பு, மேடம். எட்டு மணி நேர வேலையில் ராசாத்தி அந்தக் குழிக்குள் இருப்பது பத்தே நிமிடம். அதைப் பக்கத்து முழு மணிக்குக் கொண்டுவந்து பாருங்கள், பூஜ்யம்தான் வரும்.