பித்தளை இறக்கை

—மெஷினை நிறுத்துடி முதல்ல. காது ரெண்டும் கிழியுது.

—கொஞ்சம் இருக்கா. இந்த ஓரத்தை மட்டும் தேய்ச்சு முடிச்சுடறேன்.

—ஒண்ணும் முடிக்க வேணாம். கூடப்பிறந்தவ வந்து நிக்கறேன், உனக்கு இரும்புதான் பெருசாப் போச்சா? நிறுத்து. கண்ணாடியைக் கழட்டிட்டு என் மூஞ்சியைப் பாத்துப் பேசு.

—சொல்லு.

—கடலோரம் நடைபாதையில நீ வெச்ச பறவையைத் தார்ப்பாய் போட்டு மூடினது யாரு?

—நான்தான்.

—எப்போ?

—மாமா வேன் மோதின மறுநாள்.

—ஏன்?

—சும்மாக்கா. கொஞ்சம் ரிப்பேர் இருக்கு.

—பூசி மெழுகாத. அந்தப் பாதையில வரிசையா ஆறு சிலை நிக்குது. கல்லுல பெரிய காது, கவுந்து கெடக்கற படகு, எங்கேயும் போகாத ஏணி... அதையெல்லாம் யாரும் மூடலை. ரோடு திரும்பற வளைவுல நிக்கற உன் பறவைக்கு மட்டும் முக்காடு. நேத்து சாயங்காலம் போய்க் கயித்தை அவுத்தேன்.

—அய்யோ, எதுக்குக்கா அவுத்த?

—பதறுது பாரு! அவுத்துட்டு, அவரு வேன் வந்த பக்கமா ரோட்டுல போய் நின்னேன். அன்னிக்கு மோதின அதே நேரம், சூரியன் சாயற வேளை. ஆள் உயரத்துக்கு இறக்கை, அத்தனையும் பித்தளைத் தகடு. வெளிச்சத்தை அப்படியே வாரி என் கண்ணுல அடிச்சுது. எதிர்ல லாரி வந்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.

—திரும்ப மூடினியா இல்லையா? அதைச் சொல்லு.

—மூடிட்டுத்தான் வந்தேன். எனக்கு மனசாட்சி இருக்கு. உனக்குத்தான் இல்லை.

—திட்டு. நல்லாத் திட்டிக்கோ.

—உங்க மாமா இத்தனை வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறாரு. ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் உண்டா? அந்த மனுஷன் ஸ்டேஷன்ல போய், தூங்கிட்டேன், நர்ஸம்மா ரோட்டைக் கடந்ததைக் கவனிக்கலைன்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்காரு. காபி குடிக்காம ஸ்டியரிங்கைத் தொடாத ஆளு. சாயங்கால வெளிச்சத்துல தூங்குவாராடி?

—அந்த நர்ஸ் இப்ப எப்படி இருக்காங்க?

—கால்ல இன்னொரு ஆபரேஷன் பண்ணணுமாம். முந்தாநாள் பாக்கப் போனேன். அவங்கம்மா என்னை வாசல்லயே நிறுத்தி, தூங்குமூஞ்சி பொண்டாட்டி வந்துட்டா பாருன்னாங்க. கேட்டுக்கிட்டு வந்தேன். ஸ்கூல்ல வேலை போச்சு. நாளைக்குக் கோர்ட்டுலயும் அதையே சொன்னா ஜெயில்தான்னு வக்கீல் கையை விரிச்சுட்டாரு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நீ இங்க உக்காந்து இரும்பைத் தேய்ச்சுக்கிட்டு இருக்க.

—மாமா என்ன சொல்றாரோ, அது...

—மாமா உனக்காகப் பொய் சொல்றாருடி! கொழுந்தியா பேரு கெட்டுடக் கூடாதாம். சின்னதுல உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச பாவத்துக்கு. அந்தப் பாதைக்கே இன்னொரு சிலை கேட்டிருக்காங்கல்ல, அது கைவிட்டுப் போயிடும்னு நீயும் வாயில பூட்டு போட்டுக்கிட்ட. இல்லையா? கேக்கறேன்ல.

—அதுக்காக இல்லக்கா.

—பின்ன?

—விடுக்கா. நாளைக்குக் கோர்ட்டுக்கு நானே வர்றேன். வெளிச்சம் அடிச்சுது, தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன். போதுமா?

—போதாது.

—இன்னும் என்னதான் வேணும் உனக்கு?

—பித்தளை பளபளக்கும்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ உலோகத்தோடயே குடித்தனம் பண்றவ. உனக்குத் தெரியாமப் போச்சா? இல்ல, அழகா இருக்கட்டும்னு தெரிஞ்சே விட்டியா? அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லு.

—தெரியாம இல்லக்கா! தெரிஞ்சதாலதானே கருக்கி...

—என்ன?

—ஒண்ணுமில்ல.

—மென்னு முழுங்காத. எதைக் கருக்கின?

—ஆசிட் பூசி இறக்கை முழுக்கக் கருக்கித்தான் அங்க நிறுத்தினேன். ரோட்டுப் பக்கம் வெயில் திரும்பக் கூடாதுன்னு. திறப்பு விழா அன்னிக்கு நீயும் வந்தியே, கறுப்பாத்தானே இருந்துச்சு?

—கறுப்பா... ஆமா. ஒரு மாதிரி கரும்பச்சையா. நான்கூட...

—அக்கா, உக்காரு. தண்ணி தரேன்.

—இரு. அது உப்புக் காத்துல கறுத்துப் போனது இல்லையா?

—விடுன்னு சொல்றேன்ல.

—யாரும் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு நினைச்சேனேடி. தங்கச்சி செஞ்சது இப்படி அநாதையா நிக்குதேன்னு வயிறு எரிஞ்சுது எனக்கு. காலைல நடக்கப் போறப்ப பழந்துணியும் பாலிஷும் எடுத்துட்டுப் போவேன். கூட வர்ற பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க. நான் பாட்டுக்குத் தேய்ப்பேன். மாசக்கணக்கா தேய்ச்சேன். மஞ்சள் தெரிய ஆரம்பிச்சதும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம், எந்தங்கச்சி செஞ்சதுன்னு...

—உனக்கு எப்படிக்கா தெரியும்? முடிச்ச சிலையைத் திரும்பிப் போய்ப் பாக்க மாட்டேன்னு திமிரா இருந்தேன்ல, அது என் தப்புதான். ஒரு தடவை போயிருந்தா நானே பாத்திருப்பேன்.

—பேச்சை மாத்தாத. அந்தப் பொண்ணு கால் என்னாலயா போச்சு?

—அக்கா...

—என் கையாலயா?

—நீ வேணும்னா செஞ்ச? ஆசையா செஞ்சது.

—நான் தேய்ச்சேன்னு சொன்னப்ப உன் மூஞ்சியில அதிர்ச்சியே இல்லையே. உனக்கு முன்னாடியே தெரியுமா? உன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. யாரு சொன்னா?

—வேணாம்க்கா.

—கேக்கறேன்ல. அவருக்குத் தெரியுமா?

—தூங்கிட்டேன்னு மாமா யாருக்காகக்கா பொய் சொன்னாரு? எனக்காகவா?